‘கையிலதாம்மா’ன்னு சொன்ன மகனுக்கு

சரவணா,

நாங்க நல்லா இருக்கோம். நீ நல்லா இல்லேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் இந்தக் கடுதாசி. போன்ல பேசலாம்தான். ஆனா நான் விஷயத்துக்கு வர்றதுக்குள்ள நீ "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்பறமா கூப்புடுறேன்"னு வச்சிடுவே. கடுதாசியை அப்படிப் பாதியில வெட்ட முடியாது. வெக்கமா இருந்தா கதவைச் சாத்திக்கிட்டுப் படி. ஆனா கடைசி வரைக்கும் படி.

நிச்சயதார்த்தம் முடிஞ்சு நீ ஓசூர் பஸ் ஏறின மறுநாள் காலைல, நீ படுத்திருந்த மெத்தையை வெயில்ல போடலாம்னு தூக்கினேன். அடியில ஒரு டியூப்பு. வால்ல இருந்து கழுத்து வரைக்கும் இறுக்கிச் சுருட்டி, உள்ள ஒரு பொட்டு மருந்து மிச்சமில்லாம. பேஸ்ட்டை நடுவுல அமுக்காதடா, கீழ இருந்து அமுக்குடான்னு பதினஞ்சு வருஷம் கத்தினேன், நீ ஒரு நாள் கேட்டதில்ல. இதை மட்டும் என்னா அழகா சுருட்டியிருக்கே! அதோட பேரை நான் படிக்கவே வேண்டியதில்ல. கலரே சொல்லிடுச்சு. உடனே உனக்குப் போன் போட்டேன். "எங்கடா அரிக்குது?"ன்னேன். நீ சொன்னே: "கையிலதாம்மா. லேசாத்தான்."

கையிலயா? முந்தின நாள் அந்தக் கையிலதானடா மோதிரம் போட்டாங்க! போட்டோ எடுக்கிற பையன் உன் கையை மேல, கீழ, பக்கவாட்டுலன்னு அரைமணி நேரம் திருப்பித் திருப்பி எடுத்தான். ஒரு புள்ளி கிடையாது. அதுக்கு முன்னாடியே எனக்கு ஒரு சந்தேகம். பங்குனி வெயில்ல மனுஷன் வேட்டியோட கெடந்தாலே புழுங்குது, நீ வூட்டுக்குள்ளயும் ஜீன்ஸை மாட்டிக்கிட்டே திரிஞ்சே. உக்காந்தா ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்தே. பாத்ரூமுக்குப் போனா வர்ற வழியைக் காணும். கட்டிக்கப்போற பொண்ணு நிவேதாகிட்ட போன்ல பேசிக்கிட்டு இருப்பான்னு உங்கப்பா சிரிச்சாரு. நான் சிரிக்கல.

இந்த ‘கையில’ங்கிற பேச்சு இருக்கே, அது நம்ம வூட்டுப் பேச்சு. என்கிட்ட இருந்துதான் உனக்கு வந்திருக்கு. அதனால என் கோவத்துல பாதிதான் உன் மேல, மீதி என் மேலதான். உனக்குத் தெரியாத கதை ஒண்ணு இருக்கு. யாருக்கும் சொல்றதில்லன்னு வச்சிருந்தேன். இப்ப சொல்றேன்.

கீழப்பழுவூர்ல உங்கப்பா மெடிக்கல் போட்டு எத்தனை வருஷம்னு உனக்கே தெரியும், நீ பொறந்ததுக்கு முன்னாடியே அந்தக் கடை. கவுண்டர்ல நிக்கிறது ஒரு ஆம்பள. எந்தப் பொம்பள வந்து நின்னு "அண்ணே, இடுப்புல அரிக்குது, தொடையிடுக்குல அரிக்குது"ன்னு சொல்லுவா? "அண்ணே, கையில அரிப்பு. அந்த டியூப்பு ஒண்ணு குடுங்க"ம்பாங்க. ஆம்பளைங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. அவங்களுக்குக் கால்ல. உங்கப்பா கணக்குப்படி ஊர்ல பாதிப் பேருக்குக் கையில அரிப்பு, மீதிப் பேருக்குக் கால்ல. எந்தக் கை, எந்த இடம்னு அவரு ஒருத்தரைக் கேட்டதில்ல. கேட்டா அடுத்த தடவை கடைக்கே வரமாட்டாங்கன்னு அவருக்கும் தெரியும். எல்லாருக்கும் ஒரே டியூப்பு. அரிப்பு ரெண்டு நாள்ல அடங்கிடும். கைராசிக்காரருன்னு பேரு வேற.

எனக்கு வந்தப்ப நான் சத்துணவுக் கூடத்துல அமைப்பாளரா சேர்ந்து கொஞ்ச வருஷம் ஆயிருந்துச்சு. ரெண்டு பெரிய அடுப்பு, தகரக் கூரை. மதியம் புள்ளைங்களுக்குப் பரிமாறி முடிக்கிறதுக்குள்ள பாவாடை நாடா கட்டுற இடம் பூரா வேர்வையில நனைஞ்சு ஊறிப்போயிருக்கும். அந்த நாடா படுற இடத்துல ஒரு நாள் ஒரு ரூபா காசு அளவுக்கு வட்டமா வந்துச்சு. நடுவுல வெளுப்பு, ஓரம் மட்டும் செவந்து பொடிப்பொடியா தடிச்சிருந்துச்சு. அரிப்புன்னா அப்படி ஒரு அரிப்பு. நூறு புள்ளைங்க தட்டை ஏந்திக்கிட்டு வரிசையில நிக்கிறப்ப இடுப்பைச் சொறிய முடியுமா? பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பேன். சாயந்திரம் உங்கப்பாகிட்ட சொன்னேன், "என்னங்க, கையில லேசா அரிக்குது, அந்த டியூப்பு ஒண்ணு எடுத்துட்டு வாங்க"ன்னு. தாலி கட்டின மனுஷன்கிட்டயே எனக்கு இடுப்புன்னு வாய் வரல பாரு! அவரும் எடுத்துட்டு வந்தாரு. போட்டேன். ரெண்டே நாள்ல அரிப்பு பறந்துடுச்சு. அடடா, இதல்லவா மருந்துன்னு நெனச்சேன்.

நிறுத்தி பத்து நாள்ல திரும்பி வந்துச்சு. இந்தத் தடவை காசு இல்ல, தோசைக்கரண்டி அளவு. மறுபடி போட்டேன், மறுபடி அடங்குச்சு, மறுபடி வந்துச்சு. இடுப்பைச் சுத்திட்டு அடிவயித்துக்கு இறங்குச்சு, அப்பறம் தொடைக்கு. வருஷக்கணக்கா இதே கூத்துதான். இதுல இன்னொரு கூத்தும் உண்டு. பாவாடையையும் உள்துணியையும் நான் என்னைக்கும் வெயில்ல காயப்போட்டதில்ல. கொடியில போட்டு அதுக்கு மேல ஒரு புடவையை விரிச்சு மூடிடுவேன். போறவங்க வர்றவங்க கண்ணுல படக்கூடாதுன்னு. ஈரம் முழுசா காயாது. அந்த அரைகுறைத் துணியையே மறுநாள் எடுத்து உடுத்துவேன். நோயை நானே தினமும் மடிச்சு பீரோவுல அடுக்கியிருக்கேன்.

நீ அஞ்சாவது படிக்கிறப்ப உன் கன்னத்துல ஒரு வட்டம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பூச்சி கடிச்சிருக்கும்னு நான் சொன்னேன். குளிச்சதும் என் துண்டாலதான் உன் மூஞ்சியைத் தொடச்சு விடுவேன். அது என் இடுப்புல இருந்து உன் கன்னத்துக்கு வந்தது. அதுக்கும் அதே டியூப்பைத்தான் போட்டோம், பெத்தவ நானும் மருந்துக் கடைக்காரர் உங்கப்பாவும் சேர்ந்து. வட்டம் அடங்குச்சு, ஆனா அந்த இடம் வெளுத்து மெலிஞ்சு, ஸ்கூல்ல உன்னைத் தேமல்னு கூப்புட்டாங்க. நீ அழுதுக்கிட்டு வந்து நின்னே. அந்தப் பயலுங்களை நான் திட்டினேன். திட்டு வாங்க வேண்டியவ நானு. மன்னிச்சுக்க.

நீ காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. ஒரு நாள் காலைல என் டியூப்பு தீந்துபோச்சு. நான் அதை அரிசி டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருப்பேன். பழைய டியூப்புல ஏதாச்சும் மிச்சம் இருக்குமான்னு வூடு பூரா துழாவினேன். முகம் பாக்குற கண்ணாடிக்குப் பின்னாடி கையை விட்டா ஒரு டியூப்பு தட்டுப்பட்டுச்சு. எடுத்துப் பாத்தா பாதி இருக்கு. நான் அங்க வச்சதே இல்லையே! அந்த நேரம் பாத்து உங்கப்பா துண்டைக் கட்டிக்கிட்டுக் குளியல் ரூம்ல இருந்து வந்தாரு. என் கையில அதைப் பாத்ததும் மனுஷனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "உங்களுக்கு எங்கங்க?"ன்னேன். "கால்ல"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு பாரு, அடக்கவே முடியல. சிரிச்சுக்கிட்டே அழுதேன். "எனக்குக் கையில, உங்களுக்குக் கால்லயா?"ன்னு புடவைக் கொசுவத்தை லேசா இறக்கிக் காட்டினேன். அவரும் துண்டை விலக்கினாரு. அரணாக்கயிறு ஓடுற தடம் பூரா செக்கச்செவேல்னு ஒரு வளையம். ஒரே வூட்டுல, ஒரே கட்டில்ல, ஆளுக்கொரு டியூப்பை ஒளிச்சு வச்சுக்கிட்டு ஒருத்தருக்கொருத்தர் பரப்பிக்கிட்டு இருந்திருக்கோம். மருந்துக் கடைக்காரர் வூடு!

அரியலூர்ல காட்டினா தெரிஞ்சவங்க பாப்பாங்கன்னு பெரம்பலூருக்கு பஸ் ஏறினோம். பஸ்ஸுல உங்கப்பா கடைக்கு வர்ற ஆள் ஒருத்தர், எங்க கெளம்பிட்டீங்கன்னு கேட்டாரு. கல்யாணத்துக்குன்னு உங்கப்பா அளந்துவிட்டாரு, அது ஆடி மாசம்ங்கிறதுகூட நெனப்புல இல்லாம. அங்க தோலுக்குன்னு ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. "எங்கம்மா அரிக்குது?"ன்னு கேட்டாங்க. அவ்வளவு தூரம் போயும் என் வாய் பழக்கதோஷத்துல "கையிலங்க"ன்னுடுச்சு. அவங்க என் ரெண்டு கையையும் வாங்கி, லைட்டுல முன்னாடி பின்னாடி திருப்பிப் பாத்தாங்க. "கை சுத்தமா இருக்கே. இவ்வளவு நல்ல கையைக் காட்டவா பஸ் ஏறி வந்தீங்க?"ன்னாங்க. அப்பறம் மெதுவா, "எடத்தைச் சொல்லுங்கம்மா. எடம் தெரியாம நான் என்ன வைத்தியம் பண்ண முடியும்?"னு கேட்டாங்க. சொன்னேன். சொல்லி முடிச்சதும் உசிரு ஒண்ணும் போயிடல.

அவங்க சொன்னதை நான் மறக்கவே இல்ல, நீயும் மனசுல வாங்கிக்க. இது படர்தாமரை. பூசணம் மாதிரி ஒரு கிருமி. ரத்தம் கெட்டுப்போனதால வர்றது இல்ல, கத்திரிக்காய் தின்னதால வர்றது இல்ல, கெட்ட நடத்தையால வர்றதும் இல்ல. சூடும் வேர்வையும் ஈரமும் இருக்கிற மடிப்புல வளரும். துண்டு, துணி, படுக்கை, தோலோட தோல் உரசறதுன்னு ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குத் தொத்தும். அந்த டியூப்பை மேசை மேல வச்சேன். "இதுல ஸ்டீராய்டும் கலந்திருக்கு. அது அரிப்பையும் செவப்பையும் அடக்கும். கிருமி பாட்டுக்கு உள்ள பரவும். அழுவுற புள்ளைக்குப் பால் குடுக்காம வாயைப் பொத்துற மாதிரிதான் இது"ன்னாங்க. ஸ்டீராய்டே விஷம்னு அவங்க சொல்லல. சில தோல் நோய்க்கு அதுதான் மருந்தாம், டாக்டர் பாத்து, அளவும் நாளும் சொல்லிக் குடுத்தா. படர்தாமரைக்கு அது ஆகாது. "யாரு இதைக் குடுத்தது?"ன்னு கேட்டாங்க. நான் உங்கப்பாவைப் பாத்தேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நான்தாங்க. மெடிக்கல் வச்சிருக்கேன்"னாரு. எம்புருஷன் அவ்வளவு சின்னக் குரல்ல பேசி நான் கேட்டதில்ல.

மருந்து எழுதிக் குடுத்துட்டு, உங்கப்பாவைப் பாத்து அரணாக்கயிறைக் கழட்டிடுங்கன்னாங்க. ஈரத்தைப் புடிச்சு வச்சுக்கிறதே அந்தக் கயிறுதான்னாங்க. வந்ததே வினை! மருந்து சாப்புடுறேன், துணியை வெந்நீர்ல அலசுறேன், எல்லாத்துக்கும் தலையாட்டின மனுஷன் கயிறுக்கு மட்டும் முடியாதுன்னுட்டாரு. புதுசைக் கட்டாம பழசை அறுக்கக் கூடாதாம். வெறும் இடுப்பு ஆம்பளைக்குச் சாவுலதானாம். மூணு நாள் பொறுத்துப் பாத்தேன். நாலாவது நாள் காலைல கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டுப் போய், "சாவு வந்தா எனக்கு வரட்டும், நில்லுங்க"ன்னு நானே நறுக்கினேன். ரெண்டு நாள் இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு, எதையோ பறிகொடுத்த மாதிரி உக்காந்திருந்தாரு. அப்பறம் சரியாப்போயிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் கல்லு மாதிரிதான் இருக்காரு.

ஒரு மாசத்துல எனக்குத் தோல் சுத்தமாயிடுச்சு. ஆகா, போச்சுடான்னு நானா மருந்தை நிறுத்தினேன். டாக்டரம்மா நிறுத்துன்னு சொல்லல. திரும்பி வந்துடுச்சு. மறுபடி பெரம்பலூர், மறுபடி முதல்ல இருந்து. வருஷக்கணக்கா அந்த டியூப்பைப் போட்ட தோலு சீக்கிரம் கேக்காதுன்னாங்க. கண்ணுக்குத் தெரியாம போனப்பறமும் அவங்க சொன்ன நாள் வரைக்கும் போடணும். ரெண்டாவது தடவை ஒழுங்கா போட்டேன், போச்சு. ஆனா தொடையில கோடு கோடா விழுந்த தழும்பு போகல. அது போகாதாம். தோல் மெலிஞ்சு உள்ளயே கிழிஞ்சதாம். உங்கப்பா அதுக்கப்பறம் யாருக்கும் டாக்டர் சீட்டு இல்லாம அந்த டியூப்பைக் குடுக்கிறதில்ல. "என்னண்ணே, நீங்களே இப்படிப் பண்ணினா எப்படி"ன்னு சண்டை போட்டுட்டு வேற கடைக்குப் போறாங்க. போகட்டும்ங்கிறாரு.

அரிப்புன்னு வந்தா எல்லாமே படர்தாமரைன்னும் நெனச்சுடாதே. எங்க கூடத்துல சமையல் பண்ற செல்லம்மாவுக்கு விரலெல்லாம் வெடிச்சு அரிச்சுது. நான்தான் பெரிய மனுஷியாட்டம், இது அதேதான்டின்னு சொல்லி பெரம்பலூருக்குக் கூட்டிட்டுப் போனேன். அவளுக்கு அது இல்லவே இல்ல. பாத்திரம் தேய்க்கிற பவுடரும் நாளெல்லாம் தண்ணியில கெடக்கிறதும் சேர்ந்து தோலை அரிச்சிருக்கு. கையுறை போட்டுக்க, வேலை முடிஞ்சதும் களிம்பு தடவுன்னாங்க, அவ்வளவுதான். நெசமாவே கையில அரிப்பு வந்த ஒரே ஆளு எனக்குத் தெரிஞ்சு அவதான். அதனால நானா உனக்கு இன்ன நோய்னு சொல்லல. பாக்க வேண்டியவங்க பாத்துத்தான் சொல்லணும். சில சமயம் லேசா சுரண்டி எடுத்துப் பாப்பாங்க, வலிக்காது.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில்ல உனக்கும் நிவேதாவுக்கும் கல்யாணம் நடக்க இன்னும் எட்டு வாரம் இருக்கு. இந்த வாரமே போ. ஓசூர்ல இல்லாத தோல் டாக்டரா? லீவு இல்லேன்னு சொல்லாதே, நிச்சயதார்த்தத்துக்குக் கிடைச்ச லீவு இதுக்கும் கிடைக்கும். போய் உக்காந்ததும் எடத்தைச் சொல்லு. இந்த டியூப்பை எத்தனை மாசமா போடுறேங்கிறதையும் மறைக்காம சொல்லு. அதை விட்டதும் கொஞ்ச நாள் அரிப்பும் செவப்பும் முன்னைக்கு ரெண்டு பங்கா கெளம்பும், எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. பயந்துக்கிட்டு மறுபடி அதை எடுத்துடாதே, டாக்டர்கிட்ட ஓடு. அந்த ஜீன்ஸைத் தூக்கிப் போடு, லூசா பருத்தித் துணி போட்டுக்க. குளிச்சா மடிப்பெல்லாம் ஈரம் போகத் தொடச்சிட்டுத் துணி போடு. ரூம்ல கூட இருக்கிற பசங்களோட துண்டைத் தொடாதே, உன்னுதை அவங்க தொட விடாதே. அவங்கள்ல யாருக்காச்சும் இருந்தா அவனையும் இழுத்துக்கிட்டுப் போ. உன் இடுப்புல இருக்கே கறுப்புக் கயிறு, கட்டினவ நான், நானே சொல்றேன், அறு. கல்யாணத்தன்னைக்கு யாராச்சும் கேட்டா என்னைக் கைகாட்டு, நான் பேசிக்கிறேன்.

எட்டு வாரத்துல சரியாகலாம். ஆகாமலும் போகலாம், நீ எத்தனை மாசமா அந்த டியூப்பைத் தேச்சேங்கிறதைப் பொறுத்தது. சரியாகலேன்னாலும் கல்யாணம் நடக்கும், வைத்தியமும் நடக்கும். அதுல எனக்குப் பயமே இல்ல. என் பயமெல்லாம் ஒண்ணுதான். நீ சொல்லாம அந்தப் பொண்ணைக் கட்டிக்குவே. ரெண்டு மாசத்துல அவளுக்கு இடுப்புல ஒரு வட்டம் வரும். அது உன்கிட்ட இருந்து வந்ததுன்னு அவளுக்குத் தெரியாது. புகுந்த வூட்டுல இதை யார்கிட்ட சொல்லுவா? மாமனாரு மருந்துக் கடை வச்சிருக்காருன்னு ஒரு நாள் கவுண்டருக்கு முன்னாடி வந்து நின்னு, "மாமா, கையில அரிக்குது"ன்னு சொல்லுவா. அதை மட்டும் நான் நடக்க விடமாட்டேன். நான் பட்டதை அவ படக்கூடாது. உசிரு இருக்கிற வரைக்கும் விடமாட்டேன்.

அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவன் நீ. வர்ற ஞாயித்துக்கிழமை அவளையும் கூட்டிக்கிட்டு முகூர்த்தப் புடவை எடுக்கப் போறோம், நீயும் வர்றே. அன்னைக்குச் சொல்லு. தயங்காதே, அது நல்ல பொண்ணு. நிச்சயதார்த்தத்துல என் பக்கத்துல உக்காந்து, "அத்தை, எனக்குக் குளிர் காலம் வந்தா காலெல்லாம் செதில் செதிலா வெடிக்கும், உங்ககிட்ட இப்பவே சொல்லிடுறேன்"னு தானா சொல்லுச்சு. என்னா துணிச்சல் பாரு! அந்தத் துணிச்சல்ல கால்வாசி எனக்கு அந்த வயசுல இருந்திருந்தா உன் கன்னத்துக்கு அது வந்திருக்காது. இப்ப நம்ம மாடிக் கொடியில என் பாவாடையெல்லாம் வரிசையா, மேல ஒரு துணியும் மூடாம, சுள்ளுனு அடிக்கிற வெயில்ல காயுது. எதிர்வூட்டுக்காரங்க பாக்குறாங்க. பாக்கட்டும்.

அவ முன்னாடி உனக்கு வாய் வரலேன்னா நீ ஒண்ணுமே பேச வேண்டாம். இந்தக் கடுதாசியை மடிச்சு எடுத்துட்டு வா. என் இடுப்பு, உங்கப்பா கயிறு, எல்லாத்தையும் அவ படிக்கட்டும். மாமியார் மானம் போனா போகட்டும், மருமக தோலு நல்லா இருந்தா போதும் எனக்கு.

அவ கையில குடு. நம்ம வூட்டுல இந்த ஒரு தடவையாச்சும் கையிலன்னா கையிலயே இருக்கட்டும்.

அம்மா